போயிட்டு வரேன்: ஆங்கில மரபுத்தொடர்களும் எல்லைப்புறத் தமிழரும்

மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியாகவும் தெற்கே ஆனைமலையாகவும் ஒதுங்கி நின்று, காற்றுக்கும் மழைக்கும் மனிதருக்கும் ஒருங்கே வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயில், சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் வழியில், நெல்வயல்களும் பனைமரங்களும் சூழ அமைந்திருக்கிறது நல்லேப்பிள்ளி என்னும் கிராமம். ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூரை உள்ளடக்கிய சித்தூர் தாலுகா, சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார், கோயமுத்தூர் ஜில்லாக்கள் சுற்றிலும் சூழ்ந்திருக்க, தான் மட்டும் தனித்துக் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரியாகக் கேரள ராஜ்யம் அமைந்தபோது எல்லைக்கோடு கிழக்கே சென்றது. ஆனால் மக்களுடைய நாவில் அந்தக் கோடு விழவே இல்லை. வீட்டில் தமிழும், கடைவீதியில் இரண்டும், சர்க்கார் அலுவலகத்தில் மலையாளமும், பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலமுமாக, ஒரே நாளில் ஒரே மனிதர் மூன்று பாஷைகளில் வாழும் பிரதேசம் இது. ஆங்கிலத்தின் மரபுத்தொடர்களைப் பிழையறப் புரிந்துகொள்வதும் பிரயோகிப்பதும் எப்படி என்னும் கேள்வியை ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

காலை வேளையில் இவ்வூர் வீட்டு வாசல் ஒன்றில் சற்று நின்றால், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு இறங்கும் பேரன், "பாட்டி, போயிட்டு வரேன்" என்று குரல் கொடுப்பதையும், "போயிட்டு வா, கண்ணா" என்று பாட்டி உள்ளிருந்தபடியே விடை கொடுப்பதையும் கேட்கலாம். அடுத்த வீட்டு மலையாளக் குழந்தையும் தன் அம்மாவிடம் "போயிட்டு வராம்" என்றுதான் சொல்லிப் புறப்படுகிறது. அதே பேரன் மாலையில் ஆங்கில ஆசிரியரிடம் விடைபெறும்போது, "சார், ஐ வில் கோ அண்ட் கம்" என்கிறான். இந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை, எழுவாயும் பயனிலையும் ஒத்திருக்கின்றன, காலம் பிசகவில்லை. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இதைக் கேட்டால், இப்பிள்ளை எங்கே போகிறான், எத்தனை நிமிஷத்தில் திரும்புவான், அதுவரை நாம் இங்கேயே காத்திருக்க வேண்டுமோ என்றுதான் எண்ணுவார். சொற்கள் எல்லாம் ஆங்கிலம். சொன்ன முறை தமிழ். இலக்கணம் சரியாக இருந்தும் மொழி தவறிவிடும் இந்த விசித்திரமான பிழைக்குப் பெயர் என்ன?

மரபு என்னும் சொல்

இதற்குப் பெயர் தேடி நாம் பிற தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் இலக்கண ஆசிரியர்கள் சொல்லில் நேரும் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பகுத்தார்கள். முதல் ஆறும் விதி கொண்டு விளக்கத்தக்கவை. ஏழாவதாகிய மரபு வழுவுக்கு விதி கிடையாது. யானையைக் காப்பவனைப் பாகன் என்றும் ஆட்டைக் காப்பவனை இடையன் என்றும் சொல்லாமல் மாற்றிச் சொன்னால், திணையும் பாலும் கெடாமலிருந்தும் அது பிழையே என்றார்கள். ஏன் பிழை என்று கேட்டால், அறிந்தோர் அப்பொருளை அச்சொல்லால் சொல்லி வந்திருக்கிறார்கள், ஆகையால் நாமும் அவ்வாறே சொல்ல வேண்டும் என்பதே விடை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மரபுக்கு வகுத்த இலக்கணத்தின் தாத்பரியம் இதுதான். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தொல்காப்பியமோ, பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்றே பெயரிட்டு, பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லி, எவ்வுயிருக்கு எப்பெயர் உரியது என்று நிதானமாக வரையறுக்கிறது.

நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, மின்னல் வெட்டுகிறது. வெயில் யாரை அடிக்கிறது என்றோ, மின்னல் எதை வெட்டுகிறது என்றோ எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. வெயில் பெய்கிறது என்று எந்தக் குழந்தையும் சொல்லுவதுமில்லை. ஆங்கிலத்தில் கனத்த மழையை 'ஹெவி ரெயின்' என்பார்கள். சாயம் இறங்கிய தேநீரை 'ஸ்ட்ராங் டீ' என்பார்கள். இவ்விரண்டு அடைகளையும் இடம் மாற்றினால் இலக்கணம் குற்றம் சொல்லாது, காது குற்றம் சொல்லும். சொற்களுக்குள் இப்படி ஓர் உறவுமுறை இருப்பதை, ஜப்பானில் ஆங்கிலம் போதித்த ஹெரால்ட் பால்மர் என்னும் ஆசிரியர் 1933இல் டோக்கியோவில் வெளியிட்ட அறிக்கையில் விரிவாக ஆராய்ந்தார். அன்னியருக்கு ஓர் ஐரோப்பிய பாஷையைக் கற்பித்தபோது அவர் கண்ட தத்துவம், மரபு என்ற ஒரு சொல்லில் நம்மிடம் முன்னரே இருந்தது. ஆங்கிலத்தில் 'இடியம்' என்று வழங்குவதும் நாம் மரபு என்பதும் ஒன்றே என்பதை மாணவன் முதலில் உணர்ந்துவிட்டால், பிற பாஷையின் விசித்திரங்கள் அவனை மிரட்டமாட்டா.

எல்லைப்புறத்தார் அறிந்த வித்தை

தமிழும் மலையாளமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆகையால்தான் அவற்றினிடையே ஏமாற்றம் அதிகம். தமிழனுக்குச் சம்சாரம் மனைவி, மலையாளிக்குப் பேச்சு. தமிழில் வெள்ளம் கரையை உடைப்பது. மலையாளத்தில் தாகத்துக்குக் குடிப்பது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒரு சிறுவன் இருக்கும் வகுப்பில், வராத மாணவனைப்பற்றி ஆசிரியர் கேட்க, பக்கத்துப் பெஞ்சுப் பையன் எழுந்து, "அவனு பனியா, சார்" என்று சொல்லுவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பையன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், பனியைக் காணான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பதை அவன் அறிந்துகொள்ள ஒரு நாள் போதும். ஒரு வருஷம் சென்றால், ஒரு சொல் தெரிந்த சொல்லாக இருக்கிறது என்பதற்காகவே அதை நம்பிவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அவனுக்கு இயல்பாகவே ஏற்பட்டுவிடும். சித்தூர், நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கை தாய்ப்பாலோடு வருவது. ஆங்கில மரபுத்தொடரைப் புரிந்துகொள்ளத் தேவையான முதல் யோக்கியதாம்சமும் இதுவேதான்.

'கிக் த பக்கெட்' என்ற தொடரில் உதைப்பதும் வாளியும் தெரிந்த சொற்கள். சேர்ந்து நின்றால் செத்துப்போவதைக் குறிக்கும். 'ஸ்பில் த பீன்ஸ்' என்பதில் அவரை விதைகள் சிந்துவதாகச் சொற்கள் சொல்லுகின்றன. இரகசியம் வெளியாவதாகத் தொடர் சொல்லுகிறது. தெரிந்த சொற்கள் சேர்ந்து, அந்த இடத்தில் பொருந்தாத அர்த்தம் தந்தால், அங்கே மரபுத்தொடர் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எல்லைப்புறத்துப் பிள்ளை சந்தேகிப்பான். ஒரே பாஷைக்குள் வளர்ந்தவன் அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிக் களைத்துப் போவான்.

மரபுகள் எப்போதும் பிரிந்தே நிற்பதில்லை. சில இடங்களில் ஆச்சரியப்படும்படி ஒன்றுகூடுகின்றன. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாதே என்கிறோம். மலையாளத்தாரும் அவ்வாறே சொல்லுகிறார்கள். ஆங்கிலத்தாரும் நெருப்பில் விறகு சேர்ப்பதாகச் சொல்லுகிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பது தமிழ். கொல்லக்குடியில் சூசி விற்பது என்பது மலையாளம். நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசில் நகருக்கு நிலக்கரி சுமப்பது என்பது ஆங்கிலம். கருத்து ஒன்று, அதைத் தாங்கும் சித்திரம் அந்தந்த மண்ணில் விளைந்தது. இந்தச் சித்திரத்தை மொழிபெயர்த்தால் அது வெறும் ஊசியும் கொல்லனுமாக நின்றுவிடும். கருத்தைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் அதற்கு உரிய சித்திரத்தைத் தேடி எடுப்பதே முறை.

கொடுத்தலும் போடுதலும்

ஆங்கில மரபுத்தொடர்களில் நம் மாணவர்களை மிகவும் வாட்டுவன, வினைச்சொல்லின் வாலில் சின்னஞ்சிறு சொல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருவன. 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் இன்' என்றால் இணங்கிப் போ. 'கிவ் அவே' என்றால் இரகசியத்தையோ ஆளையோ வெளிப்படுத்திவிடு. இதைக் கண்டு, இந்தப் பாஷைக்கு ஓர் ஒழுங்கே கிடையாதா என்று சலித்துக்கொள்ளாத மாணவன் இல்லை. ஆனால் அவன் தன் வீட்டுப் பேச்சைச் சற்றுக் கவனித்துக் கேட்டால் சலிப்பு நீங்கிவிடும். 'கிவ் இன்' என்பதற்கு நாம் சொல்லும் சொல் விட்டுக்கொடு. 'கிவ் அவே' என்பதற்கு நாம் சொல்லும் சொல் காட்டிக்கொடு. இரண்டிலும் நாமும் கொடுக்கத்தான் கொடுக்கிறோம். எந்தப் பொருளும் கைமாறவில்லை. 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். தம்பியைப் பார்த்துக்கொள் என்று அம்மா சொன்னால், அவனைக் கண்கொட்டாமல் நோக்கிக்கொண்டிரு என்று எந்த அக்காவும் அர்த்தம் செய்துகொள்வதில்லை. 'ஈட் அப்' என்பது தின்று தீர்ப்பது. 'ட்ரை அப்' என்பது வற்றிப் போவது. தமிழில் கொள், கொடு, விடு, போ, போடு, தீர் முதலிய துணைவினைகள் செய்யும் சூட்சுமமான வேலையை, ஆங்கிலத்தில் இன், அவுட், அப், ஆஃப், அவே முதலிய சிறு சொற்கள் செய்கின்றன. இந்த ஒப்புமையை ஒருமுறை கண்டுகொண்டவனுக்கு அச்சிறு சொற்கள் அர்த்தமில்லாத வால்களாகத் தோன்றா.

ஒப்புமை உதவும் இடமும் உண்டு, கைவிடும் இடமும் உண்டு என்பதற்குப் 'புட்' என்னும் வினை நல்ல உதாரணம். சட்டை போடு என்பதற்கு 'புட் ஆன்' சரியாக வருகிறது. தள்ளிப்போடு என்பதற்குப் 'புட் ஆஃப்' அழகாக வருகிறது. எடை போட்டிருக்கிறான் என்பதற்கும் அதே வினைதான். இந்த அதிர்ஷ்டத்தில் தைரியம் பெற்ற மாணவன், சண்டை போடாதே என்பதற்கு 'டோண்ட் புட் ஃபைட்' என்று துணிந்துவிடுகிறான். போடு என்ற வினை தமிழில் சண்டைக்கும் கோலத்துக்கும் தூக்கத்துக்கும் உபயோகமாவதைப்போல, ஆங்கிலத்துப் 'புட்' ஆகவில்லை. மூன்று இடத்தில் ஒத்தது நான்காம் இடத்திலும் ஒக்கும் என்று தர்க்கம் செய்வதற்கு மரபு இடம் கொடுப்பதில்லை. ஒவ்வோரிடத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொற்களைச் சற்றும் அசைக்க முடியாத தொடர்களும் இருக்கின்றன. வாளியை உதைத்தான் என்பதைச் செயப்பாட்டு வினையாக மாற்றி, வாளி அவனால் உதைக்கப்பட்டது என்றால், மரணம் மறைந்து உண்மையான வாளி வந்துவிடும். இரகசியம் வெளியான தொடரையோ அப்படி மாற்றலாம். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால் பொருள் கெடுவதில்லை. விதைகள் என்ற சொல் இரகசியத்துக்கும், சிந்துதல் என்ற சொல் வெளிப்படுதலுக்கும் தனித்தனியே பொருந்துகின்றன; வாளியோ எதற்கும் பொருந்தவில்லை. நன்பர்க், சாக், வாசோ என்னும் மூன்று மொழியியலார் 1994இல் எழுதிய கட்டுரை இந்த வித்தியாசத்தை நன்கு விளக்கியது. மாணவனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: ஒரு தொடரைக் கேட்ட வடிவத்திலேயே சொல்லுக, மாற்றிச் சொல்லும் உரிமை நெடுநாள் பழக்கத்துக்குப் பின் வரட்டும்.

சித்திரங்கள் பிறந்த இடம்

நம் மரபுத்தொடர்களில் வயலும் வாய்க்காலும் தேரும் திருவிழாவும் கலந்திருப்பதைப்போல, ஆங்கிலத்தில் கடலும் விவிலியமும் விளையாட்டும் கலந்திருக்கின்றன. 'பை அண்ட் லார்ஜ்', 'லேர்ன் த ரோப்ஸ்' என்பன பாய்க்கப்பல் ஓட்டியவர்களின் பேச்சு. சுவரில் எழுதிய எழுத்து, பூமியின் உப்பு, கைகழுவிவிடுதல் முதலியன விவிலியத்தின் வழியாக, முக்கியமாக 1611இல் அச்சேறிய மொழிபெயர்ப்பின் வழியாக, ஆங்கிலேயரின் வீட்டுப் பேச்சில் நிலைபெற்றன. நேர்மையற்ற காரியத்தை 'நாட் கிரிக்கெட்' என்பதும், இக்கட்டான நிலையை 'ஸ்டிக்கி விக்கெட்' என்பதும் ஆடுகளத்திலிருந்து வந்தன. தோன்றிய இடம் தெரிந்தால் தொடர் மனத்தில் தங்கும். எந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தும் என்பதும் ஓரளவு புலப்படும்.

ஆனால் தோற்றக் கதைகளை ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். மழை கொட்டுவதற்கு 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பது நம் நாட்டு மாணவர்களுக்கு மிகப் பிரியமான தொடர். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட சம்பாஷணை நூலில் அது வருகிறது. பூனையும் நாயும் ஏன் பொழிந்தன என்பதற்குக் கூரை வீட்டுக் கதைகள் பல உண்டு; ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. யூல், பர்னெல் ஆகிய இருவரும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதி, ஒன்றையும் மதியாமையைக் குறிக்கும் ஓர் ஆங்கிலத் தொடருக்கு நம் நாட்டுத் 'தாம்' என்ற செப்புக் காசே மூலமாகலாம் என்று கருதியது. பிற்கால ஆக்ஸ்போர்டு அகராதியார் அதை ஏற்கவில்லை. ரசமான கதை வேறு, ருசுவான வரலாறு வேறு. மேலும், இடவப்பாதி மழை கணவாயில் இறங்கும் நாளில் நாம் மழை பேயாகக் கொட்டுகிறது என்கிறோமே, அது நம் வாயில் உயிரோடு இருக்கிறது. பூனையும் நாயுமோ ஆங்கிலேயர் வாயிலேயே தேய்ந்துபோன நாணயம். பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஒரு தொடர் இன்று செலாவணியில் இருக்கிறது என்று கொள்ளலாகாது.

குமாஸ்தாவின் ஆங்கிலம்

பாலக்காட்டுச் சீமையிலிருந்து ஆங்கிலத்தை நம்பி வெளியேறியவர்களின் சரித்திரம் நீண்டது. 1866இல் பள்ளியாகத் தோன்றிப் பின்னர் விக்டோரியா கல்லூரியாக வளர்ந்த ஸ்தாபனமும், ஊருக்கு ஊர் முளைத்த தட்டெழுத்துப் பள்ளிகளும், அக்கிரகாரத்துப் பிள்ளைகளைச் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் அனுப்பிவைத்தன. 1837இல் ஐசக் பிட்மன் வகுத்த சுருக்கெழுத்தில், அடிக்கடி வரும் தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் ஒரே இழுப்பில் எழுதுவதற்கு வழி செய்திருக்கிறார்கள். தங்கள் கடிதம் கிடைத்தது என்பதும், மேற்படி விஷயமாக என்பதும், பேனாவை எடுக்காமல் போடும் ஒரே கோடு. அந்தப் பயிற்சியில் உட்கார்ந்த இளைஞன், தொடர் என்பது உடைக்கக்கூடாத ஒரே சொல் என்னும் பேருண்மையை விரல்வழியாகக் கற்றான் என்றே சொல்ல வேண்டும். அவனுடைய ஆங்கிலம் காரியாலயத்து ஆங்கிலமாகச் சிறப்புற்றதும், வீட்டு ஆங்கிலம் அவனுக்குக் கைவராமற் போனதும், அவன் எந்தத் தொடர்களைக் கேட்டுப் பழகினானோ அவற்றைப் பொறுத்தே அமைந்தன.

இந்தியர் ஆங்கிலத்தில் எழுதும்போது மரபில் தவறும் இடங்களை மட்டுமே பொறுக்கி ஆராய்ந்து, பம்பாய் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜார்ஜ் கிளிஃபர்ட் விட்வொர்த் 1907இல் 'இந்தியன் இங்கிலீஷ்' என்ற தனி நூலே வெளியிட்டார். அவருக்கு முன்னரே, நம்முடைய மரபை அன்னியர் பயின்ற கதையும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியார், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் அச்சிட்டார். ஒரு பாஷையின் மரபை அறிய அந்த மக்களின் வாய்மொழியைத் தேடித் தொகுத்தாக வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். பின்னர் ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர், கேட்டன்பி, வேக்ஃபீல்டு இருவரோடும் சேர்ந்து, ஜப்பானிய மாணவர்களை மனத்தில் கொண்டு, மரபுத்தொடரும் வாக்கிய அமைப்பும் விளங்க ஓர் அகராதி தயாரித்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்டார். அதுவே 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாகி, உலகெங்கும் ஆங்கிலம் பயில்வோரின் கைப்புத்தகமாயிற்று. சொல்லுக்கு அர்த்தம் தருவதோடு நில்லாமல், அது எந்தச் சொல்லோடு எந்த அமைப்பில் வரும் என்று காட்டியதே அதன் பெருமை.

மொழிபெயர்ப்பின் எல்லையை அறிய, பாலக்காட்டு மண்ணிலேயே ஓர் உயர்ந்த உதாரணம் இருக்கிறது. விக்டோரியா கல்லூரியிலும், பிறகு சென்னை ராஜதானிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் பயின்ற ஓ. வி. விஜயன், தஸ்ராக் என்ற கிராமத்து அனுபவத்திலிருந்து 'கசாக்கின் இதிகாசம்' என்னும் மலையாள நாவலைப் படைத்தார். 1969இல் அது நூலாயிற்று. கால் நூற்றாண்டு சென்று, 1994இல், அதை அவரே ஆங்கிலத்தில் ஆக்கினார். இரு பாஷைகளையும் ஆண்ட அந்த ஆசிரியரும் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டு போகவில்லை. ஆங்கிலத்தில் அது வேறொரு படைப்பு என்று சொல்லும் அளவுக்கு மாறுதல் செய்தார். தம்முடைய சொந்த வாக்கியத்தையே அப்படியே அக்கரை சேர்க்க முடியாது என்று அத்தகைய எழுத்தாளர் கண்டிருக்கும்போது, மாணவன் தன் வீட்டுத் தொடரை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வெற்றி காண்பது எங்ஙனம்?

யாரிடம், எப்பொழுது

அர்த்தம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: இதை யாரிடம் சொல்லலாம்? இங்கும் நன்னூல் துணை நிற்கிறது. தகுதி வழக்கு என்ற தலைப்பில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றை அது வகுத்திருக்கிறது. இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். ஆங்கிலத்தில் 'பாஸ்ட் அவே' என்பதும் மங்கலமே. வாளியை உதைத்ததாகச் சொல்லும் தொடரோ நண்பர்களின் கேலிப் பேச்சுக்கு உரியது. இரண்டுக்கும் மரணம் என்ற ஒரே அர்த்தத்தை அச்சிட்டு நிறுத்திக்கொள்ளும் பட்டியலை மனப்பாடம் செய்த ஒரு பிள்ளை, தந்தையை இழந்த நண்பனுக்கு எழுதும் அனுதாபக் கடிதத்தில் இரண்டாவதை எழுதிவிட்டால், அந்தப் புண் ஆற நெடுங்காலம் ஆகும். பொருள் அறிதல் பாதி அறிவு. தகுதி அறிதல் மறுபாதி.

நம் நாட்டில் வேரூன்றிவிட்ட ஆங்கிலத் தொடர்களையும் இந்த நோக்கிலேயே மதிப்பிட வேண்டும். வெளியூர் போயிருக்கிறார் என்பதற்கு 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்கிறோம்; உத்தியோகஸ்தர் தங்கிய ஊரை 'ஸ்டேஷன்' என்று வழங்கிய கம்பெனிக் காலத்தின் எச்சம் அது. 'டு த நீட்ஃபுல்' என்பது இங்கிலாந்தில் வழக்கு அருகி, இங்கே உயிர்வாழும் பழந்தொடர். வகுப்பில் நம் பிள்ளைகள் 'ஐ ஹாவ் எ டவுட்' என்று எழுவது, சந்தேகம் கேட்பது என்னும் நம் வழக்கின் நிழல். இந்தியருக்குள் இவை எல்லாம் பொருள் பிசகாமல் நடமாடுகின்றன. ஆகையால் இவற்றைக் குற்றம் என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆனால் வேற்று நாட்டு ஆசிரியர் முன் 'ஐ ஹாவ் எ டவுட்' என்ற அதே வாக்கியம், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்ற தொனியில் போய்ச் சேரக்கூடும். கல்லூரிப் படிப்பை முடித்ததைப் 'பாஸ்ட் அவுட்' என்று சொல்லும் இளைஞன், வேற்று தேசத்து நேர்முகத் தேர்வில், தான் மூர்ச்சையாகி விழுந்ததாகப் பிறர் நினைக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். குழூஉக்குறியைக் குழுவுக்குள் வழங்குவது முறை. குழுவுக்கு வெளியே போகும்போது பொதுவழக்கை மேற்கொள்வது விவேகம்.

பாஷைகள் ஒன்றிடமிருந்து ஒன்று தொடர்களைப் பெறுவதும் இயற்கையே. நமக்குப் பழையனூர் நீலியின் கதை தந்த நீலிக்கண்ணீர் இருந்தது. முதலைக் கண்ணீர் பின்னர் வந்து, தமிழிலும் மலையாளத்திலும் சமமாக இடம்பிடித்துக்கொண்டது. சிவப்பு நாடாவும் பனிப்போரும் அவ்வாறு வந்தவையே. பழையன கழிவதையும் புதியன புகுவதையும் காலத்தின் செயல் என்று நம் இலக்கணம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் எது புகலாம் என்று முடிவு செய்பவர், அந்தப் பாஷையைப் பேசும் பல்லாயிரம் பேர். தனி ஒருவன் பரீட்சைத் தாளில் அதைத் தீர்மானித்துவிட முடியாது.

கற்கும் முறை

ஆகவே, மரபுத்தொடரைப் பட்டியலிலிருந்து பெறுவதை விடுத்து, மனிதரிடமிருந்தும் நல்ல எழுத்திலிருந்தும் பெற வேண்டும். ஒரு தொடரைக் கண்டால் அதை மட்டும் கத்தரித்து எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, சொன்னவர் யார், கேட்டவர் யார், பேச்சு மகிழ்ச்சியானதா துக்கமானதா என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்க. வாலில் நிற்கும் சிறு சொல்லை அடிக்கோடிடுக. நம்மவர் 'கோப்' என்ற வினையோடு 'அப்' என்பதை வீணாகச் சேர்ப்பதும், 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபவுட்' சேர்ப்பதும் அங்கே கவனம் செலுத்தாததால்தான். பிறகு அதே கருத்தை வீட்டில் எப்படிச் சொல்லுவோம், மலையாளத்தில் எப்படிச் சொல்லுவார்கள் என்று எதிரே குறிக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடித்தான் என்பதற்கு எதிரே 'ரெட் ஹாண்டட்' என்று எழுதும்போது, கையில் காயாத இரத்தத்தோடு அகப்பட்ட குற்றவாளியின் சித்திரம் அதில் இருப்பது தெரியவரும்; இரண்டு சமூகங்களின் அனுபவம் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும். வெவ்வேறு இடங்களில் மூன்று முறையாவது சந்திக்காத தொடரைத் தான் எழுதுவதில்லை என்று மாணவன் விரதம் பூண்டால், அவன் ஆங்கிலம் எளிமையாக இருக்கும்; பிழையற்றும் இருக்கும். எளிய வாக்கியத்தில் சொல்ல முடிந்ததை அலங்காரத்துக்காகத் தொடர் தேடிச் சொல்லுவது எந்தப் பாஷையிலும் அழகன்று.

தன் மொழியின் மரபை நேசித்து அறிந்தவனே பிற மொழியின் மரபை மதித்துக் கற்பான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தமிழை ஒதுக்கிவிட்டால்தான் ஆங்கிலம் வரும் என்று எண்ணிப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், அவர்கள் கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தேட அனுப்புகிறார்கள். நல்லேப்பிள்ளிப் பேரனிடம் விளக்கு இருக்கிறது. போகிறேன் என்று மட்டும் சொல்லி வாசல் இறங்குவது அமங்கலம் என்று அவனுக்குப் பாட்டி கற்பித்திருக்கிறாள். ஆகையால்தான் போயிட்டு வரேன் என்கிறான். ஆங்கிலத்தார் விடைபெறும்போது சொல்லும் 'குட்பை' என்ற சொல்லும், கடவுள் உம்மோடு இருப்பாராக என்ற பழைய வாழ்த்து காலப்போக்கில் மருவியதே. ஒருவர் திரும்பி வருவதாக வாக்களித்துப் பிரிகிறார். மற்றவர் கடவுளைத் துணைவைத்துப் பிரிகிறார். பிரிவின் கணத்தில் மங்கலமாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்னும் நெஞ்சம் இரண்டுக்கும் பொது. ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் திருத்தும்போது, அவன் சொன்னது தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், உன் பாட்டி கற்பித்த சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'குட்பை' என்று பெயர் என்று இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வாரானால், அவன் ஒரு தொடரைக் கற்பதோடு, இரண்டு பாஷைகளையும் இணைக்கும் வழியையும் அன்றே கண்டுகொள்வான்.